மார்பக இம்பிளாண்ட்: அறுவைக்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்பகத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சையைப் பற்றி நாளிதழ்களில் வருபவை பெரும்பாலும் அதைச் செய்துகொள்ளலாமா கூடாதா என்ற விவாதமாக இருக்கும். இல்லையென்றால், எங்கோ ஏதோ விபரீதமாகிவிட்ட செய்தியாக இருக்கும். அறுவை நல்லபடியாக முடிந்து வீடு திரும்பிய ஒரு பெண், கண்ணாடி முன் நின்று ‘இது சரியான இடத்தில்தான் இருக்கிறதா?’ என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொள்ளும் மாதங்களைப் பற்றி யாரும் எழுதி நான் அதிகம் படித்ததில்லை. பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் செவிலியராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவள் நான். கட்டுப் பிரிக்கும் அறையிலும் மறுபரிசோதனை அறையிலும் அந்தக் கேள்வியை ஓயாமல் கேட்டிருக்கிறேன். அதற்குரிய பதில் அந்தப் பெண்களுக்கு அறுவைக்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது இதுதான். இம்பிளாண்ட், அதாவது மார்பகத்தைப் பெரிதாக்க உள்ளே வைக்கும் செயற்கைப் பை, எந்த இடத்தில் நிற்கும் என்பது அறுவை முடிந்த அன்றே நிலைபெற்றுவிடுவதில்லை. முதல் சில வாரங்களில் அது மிக மேலே ஏறி நிற்பதாகத் தோன்றினால், பெரும்பாலும் காலமே அதைச் சரிசெய்துவிடும். ஆனால் அது அளவுக்கு மீறிக் கீழே இறங்கினாலோ, நடுவை நோக்கி நெருங்கினாலோ, அக்குளை நோக்கி விலகினாலோ காலம் அதைச் சரிசெய்யாது. நாளாக ஆக அது கூடத்தான் செய்யும். எந்தத் திசையில் நகர்ந்தால் பொறுத்திருக்கலாம், எந்தத் திசையில் நகர்ந்தால் உடனே காட்ட வேண்டும் என்ற இந்த ஒரு வேறுபாட்டை அறிந்திருந்தால், பொறுத்திருக்க வேண்டியவர்கள் பதறாமலும், பதற வேண்டியவர்கள் பொறுத்திருந்து காலத்தைக் கடத்தாமலும் இருப்பார்கள். நான் பார்த்தவரை பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது.

மேலே நிற்பதற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள, உள்ளே என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும். மார்பகத்தின் அடிமடிப்பிலோ, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்திலோ, அக்குளிலோ சிறிய கீறலிட்டு, அதன் வழியாக உள்ளே ஒரு பை போன்ற இடத்தை உருவாக்கி, அதில் இம்பிளாண்டை வைக்கிறார்கள். அந்த இடம் பால்சுரப்பித் திசுவுக்கும் மார்புத் தசைக்கும் நடுவே இருக்கலாம். தசைக்கு அடியிலும் இருக்கலாம். மேல்பாதி தசைக்கு அடியிலும் கீழ்ப்பாதி சுரப்பித் திசுவுக்கு அடியிலுமாக அமைக்கும் முறையும் உண்டு. தசைக்கு அடியில் வைக்கும்போது, இதுவரை விலா எலும்புகளோடு ஒட்டிக் கிடந்த தசை திடீரென ஒரு பொருளின் மேல் இழுத்துப் போர்த்தப்படுகிறது. இறுக்கமாகச் செருகிய விரிப்புக்கு அடியில் தலையணையைத் திணித்தால் அது தட்டையாகி ஒரு பக்கம் ஒதுங்குமே, அதைப் போலத் தசையின் இறுக்கம் இம்பிளாண்டை அழுத்தி மேலே தள்ளுகிறது. கூடவே வீக்கம் வேறு. கீழ்ப்பகுதித் தோலும் இன்னும் நெகிழ்ந்து கொடுத்திருக்காது. ஆகவே கழுத்தெலும்புக்குச் சற்றுக் கீழே புடைத்தும், அடிப்பகுதி வெறுமையாகவும், காம்பு கீழே பார்த்தபடியும் தெரியும். தோல் பளபளத்து விறைப்பாக இருக்கும். இதைப் பார்க்கும் எந்தப் பெண்ணுக்கும், ‘தவறான இடத்தில் வைத்துவிட்டார்களோ’ என்ற ஐயம் வருவது இயல்பே.

பிறகு வீக்கம் வடிகிறது, தசை தளர்கிறது, கீழ்ப்பகுதித் தோல் மெல்ல விரிந்து இடம் கொடுக்கிறது. இந்த மாற்றம் மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரத்துக்குள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். மூன்று மாதத்தில் பெரும்பகுதி நடந்து முடியும். தசைக்கு அடியில் வைத்தவர்களுக்கும், தோல் இறுக்கமாக உள்ளவர்களுக்கும், உடலமைப்போடு ஒப்பிடப் பெரிய அளவைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் ஆறு மாதமும் ஆகலாம். சிலருக்கு ஓராண்டு வரைகூடச் சிறுசிறு மாற்றங்கள் தொடரும். தசைக்கு மேலே வைத்தவர்களுக்கு இது பொதுவாக விரைவில் நடந்துவிடும். இதையெல்லாம் மருத்துவர்கள் சொல்வதில்லை என்று நான் குற்றம் சாட்டவில்லை. சொல்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் மயக்க மருந்தின் தாக்கம் முழுதாக நீங்காத நேரத்திலோ, டிஸ்சார்ஜ் செய்யும் அவசரத்திலோ, மாத்திரைச் சீட்டை விளக்கும்போது ஒரு வரியாகவோ சொல்லிவிடுகிறார்கள். அந்த வரி வீட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை.

இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இறங்குவதில்லை என்பது அடுத்த அச்சம். மறுபரிசோதனைக்கு வரும் பெண்களில் பலரும் முதலில் எடுத்து நீட்டுவது கைப்பேசியைத்தான். அறுவைக்குப் பிந்தைய ஐந்தாவது வாரத்தில் வந்த ஓர் இளம்பெண்ணை இப்போதும் நினைவில் வைத்திருக்கிறேன். “சிஸ்டர், இடது பக்கம் இறங்கிவிட்டது, வலது பக்கம் அப்படியே நிற்கிறது பாருங்கள்” என்று ஒவ்வொரு நாளும் எடுத்த படங்களை வரிசையாகத் தள்ளிக் காட்டினார். காலை வெளிச்சத்தில் சில, இரவு விளக்கில் சில, கையைத் தூக்கியபடி சில, ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி சில. எந்த இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. மருத்துவர் நாடாவை எடுத்து, கழுத்துக்குக் கீழே காறையெலும்புகள் சேரும் பள்ளத்திலிருந்து இரு காம்புகள் வரையும், காம்புகளிலிருந்து அடிமடிப்பு வரையும் அளந்தார். பிறகு அறுவைக்கு முன் எடுத்து வைத்த குறிப்பைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார். வலப்பக்கக் காம்பு முன்பே சற்று மேலேதான் இருந்தது. அந்தப் பக்கத்து விலாக் கூடும் சற்று முன்னே துருத்தியிருந்தது. தம் உடலில் அப்படியொரு வேறுபாடு இருந்ததை அந்தப் பெண் அதுவரை கவனித்ததே இல்லை. அதோடு அவர் வலக்கைக்காரர்; அந்தப் பக்கத் தசை கூடுதல் வலுவோடு இருப்பதும், அதனால் தளர்வதற்குக் கூடுதல் காலம் எடுப்பதும் உண்டு என்று மருத்துவர் விளக்கினார். அந்தப் பெண்ணின் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்தபோது, இந்தக் குறிப்பை அறுவைக்கு முன்பே அவரிடம் காட்டியிருந்தால் ஐந்து வாரம் அவர் தூக்கம் கெட்டிருக்காதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

இயற்கையாக இரு மார்பகங்களும் அச்சுப்போல் ஒன்றாக இருப்பவர் எவருமில்லை. இம்பிளாண்ட் வைத்த பிறகு, முன்பு கண்ணில் படாத வேறுபாடு பெரிதாகித் தெரிவதும் உண்டு. அளவு, மடிப்பின் உயரம், காம்பின் உயரம், இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆகிய நான்கையும் அறுவைக்கு முன்பே கண்ணாடி முன் நிறுத்திக் காட்டி, எதைச் சரிசெய்ய முடியும், எது அப்படியேதான் இருக்கும் என்று பேசிவிடுவது மருத்துவருக்கும் நல்லது, பெண்ணுக்கும் நல்லது.

இனி, காலம் சரிசெய்யாதவற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில், ‘எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்’ என்ற ஆறுதலின் அடியில் மறைந்துவிடுபவை இவைதான்.

முதலாவது, இம்பிளாண்ட் தன் மடிப்பைத் தாண்டிக் கீழே வழிந்து இறங்குவது. இதைக் கண்டுகொள்ள எளிய அடையாளம் உண்டு. அடிமடிப்பில் கீறலிட்டவர்களுக்கு வடு மடிப்பிலேயே மறைந்திருக்க வேண்டும். அது மெல்ல மெல்ல மேலே ஏறி மார்பகத்தின் மேலேயே தெரியத் தொடங்கினால், உண்மையில் ஏறியது வடு அன்று. இம்பிளாண்ட் கீழே இறங்கிவிட்டது. மேல்பகுதி காலியாகி, காம்பு மேல்நோக்கிப் பார்க்கத் தொடங்கும். காம்புக்கும் மடிப்புக்கும் உள்ள தூரம் கூடிக்கொண்டே போகும். பெரிய, கனமான இம்பிளாண்டைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும், அடிமடிப்பைக் கூடுதலாகக் கீழிறக்க வேண்டியிருந்தவர்களுக்கும், திசு மெலிந்தவர்களுக்கும் இந்த வாய்ப்பு அதிகம். இதில் வருத்தமளிப்பது என்னவென்றால், மேலே நிற்கிறது என்று முதல் மாதத்தில் அழுத பெண், அது கீழே இறங்க இறங்க மகிழ்ந்து, எந்த இடத்தில் நிற்க வேண்டுமோ அந்த இடத்தைத் தாண்டிய பிறகும் ‘நன்றாக இறங்கிவிட்டது’ என்றே எண்ணிக்கொண்டிருப்பதுதான்.

மல்லாந்து படுக்கும்போது இரண்டும் சற்று வெளிப்புறமாகச் சரிவது இயல்பு. இயற்கையான மார்பகமும் அப்படித்தான் சரியும். ஆனால் அக்குளுக்குள்ளேயே போய் விழுந்து, கையைக் கீழே வைக்கும்போது இடிக்கிறது என்றால் அதைக் காட்ட வேண்டும். நடுப்பக்கத்தில் இதற்கு நேர்மாறானது: மார்பெலும்பின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய தோல் எழும்பி, இரண்டு மார்பகங்களும் நடுவே ஒன்றோடொன்று சேர்ந்தாற்போல் ஆகிவிடும். நடுவில் நெருக்கம் வேண்டும் என்று கேட்டு, உள்ளே நடுப்பக்கமாகக் கூடுதல் இடம் உண்டாக்கச் சொல்பவர்கள் இந்த ஆபத்தை அறிந்தே கேட்க வேண்டும். பின்னால் திருத்துவதற்கு மிகவும் கடினமானவற்றில் இதுவும் ஒன்று.

துளி வடிவ இம்பிளாண்ட் வைத்தவர்களுக்குச் சுழற்சி என்ற தனிச் சிக்கல் உண்டு. உருண்டை வடிவம் உள்ளே சுழன்றாலும் வெளியே தெரியாது. துளி வடிவம் சுழன்றால் மார்பகத்தின் வடிவமே ஒரு நாளில் மாறிவிடும். அடிப்பகுதியில் இரட்டைக் கோடு போலத் தெரிவது முதல் மாதங்களில் வீக்கத்தாலும் இருக்கலாம், பழைய மடிப்பு இன்னும் விரியாததாலும் இருக்கலாம். இதில் பாதி காத்திருப்பு, பாதி கண்காணிப்பு. தசைக்கு அடியில் வைத்தவர்கள் இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி அழுத்தும்போது மார்பகம் இழுபட்டு மேலே போவதைப் பார்த்துப் பயப்படுவார்கள். தசை இயங்குவதால் ஏற்படும் அசைவு அது. இம்பிளாண்ட் இடம் பெயர்ந்துவிட்டது என்று பொருளில்லை. அந்த அசைவு மிகுதியாக இருந்து தொந்தரவு தந்தால் பின்னர் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மேலே நிற்பதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. உடல் தனக்குள் வரும் எந்த அன்னியப் பொருளைச் சுற்றியும் மெல்லிய வடுத்திசுவால் ஓர் உறையை உருவாக்கும். எல்லாருக்கும் அது உருவாகும். அதுவே இம்பிளாண்டை அதன் இடத்தில் வைத்திருப்பதற்கும் உதவுகிறது. சிலருக்கு அந்த உறை தடித்துச் சுருங்கி இம்பிளாண்டை இறுக்கத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதை பேக்கர் அளவீட்டில் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: முதல் நிலையில் மார்பகம் மென்மையாக இயல்பாக இருக்கும், இரண்டாவதில் கைக்குச் சற்றுக் கெட்டியாகத் தட்டுப்படும், மூன்றாவதில் கண்ணுக்கே வடிவம் மாறித் தெரியும், நான்காவதில் வலியும் சேரும். ஆகவே நன்றாக இறங்கி மென்மையாகிவிட்ட ஒரு பக்கம் மறுபடியும் மேலே ஏறி, உருண்டு, கெட்டிப்பட்டால் அது ‘இன்னும் இறங்கவில்லை’ என்ற கணக்கில் வராது. உள்ளே ரத்தம் கட்டியிருந்தாலும், கிருமி தங்கியிருந்தாலும் இந்தச் சுருக்கத்துக்கு வாய்ப்பு கூடும். புற்றுநோய்க்காக மார்பகத்தை அகற்றி, இம்பிளாண்ட் வைத்து மறுசீரமைப்பு செய்துகொண்டு, கதிர்வீச்சும் பெற்ற பெண்களுக்கு அது மேலும் கூடுதல். அவர்கள் இதை அலங்காரமாகச் செய்துகொண்டதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கூச்சத்தால் வாய் திறக்காமல் இருந்தவர்கள் அவர்களிலும் இருந்தார்கள்.

இடம் சரியாக உள்ளதா என்ற கவலையிலேயே மூழ்கியிருப்பவர்கள், இடத்தோடு தொடர்பில்லாத அவசர அறிகுறிகளையும் அதே கணக்கில் எழுதிவிடுவது எனக்கு மிகுந்த அச்சம் தருவது. அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் ஒரு பக்கம் மட்டும் திடீரெனப் பருத்து, இறுகி, கன்றிப்போய், வலி கூடிக்கொண்டே போனால் உள்ளே ரத்தம் சேர்கிறது என்று பொருள் கொள்ள வேண்டும். அன்றிரவே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், தையல் பிரிதல் ஆகியவையும் மறுநாளுக்குத் தள்ளக் கூடாதவை. கெண்டைக்கால் வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு குத்தினாலோ காலில் ரத்தக்கட்டி உண்டாகியிருக்கலாம், அது நுரையீரலுக்கும் போயிருக்கலாம்; அதற்கு ஒரு நிமிடமும் தாமதம் கூடாது. ஓராண்டுக்குப் பிறகு, பல ஆண்டுகள் கழித்தும்கூட, ஒரு பக்கம் நீர் கோத்ததுபோல் வீங்கினால் அதையும் சும்மா விடக் கூடாது; அந்த நீரை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்புடைய இம்பிளாண்டுகளோடு தொடர்புள்ள, அரிதான ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் வெளிப்படுகிறது.

பட்டை, மசாஜ், உள்ளாடை ஆகியவற்றில் நடக்கும் குழப்பத்தைப் பற்றித் தனியே எழுதாமல் இருக்க முடியவில்லை. மார்பின் மேற்பகுதியில் குறுக்காகக் கட்டும் பட்டை, மேலே நிற்கும் இம்பிளாண்டைக் கீழ்நோக்கி அழுத்துவதற்கானது. ஏற்கெனவே போதுமான அளவு இறங்கிவிட்டவர் அதைக் கட்டினால், தாமே இம்பிளாண்டைக் கீழே தள்ளுகிறார். அவருக்குத் தேவை அடியிலிருந்து தாங்கும் உள்ளாடை. மசாஜும் அப்படித்தான். வழவழப்பான மேற்பரப்புள்ள உருண்டை இம்பிளாண்டுக்குக் குறிப்பிட்ட திசையில் மெல்ல அசைத்துக் கொடுக்கும் பயிற்சியைச் சில மருத்துவர்கள் கற்றுத் தருகிறார்கள், சிலர் தருவதில்லை. துளி வடிவ இம்பிளாண்டை அப்படி அசைக்கவே கூடாது. திசு இன்னும் ஒட்டாத நிலையில் தானாக அழுத்திப் பிசைவது புண்ணையும் கெடுக்கும், இடத்தையும் கெடுக்கும். ஒருத்தி தனக்குப் பலன் தந்தது என்று நல்லெண்ணத்தோடு இன்னொருத்திக்குச் சொல்லும் யோசனை, கேட்டவளின் இம்பிளாண்ட் வேறு, வைத்த இடம் வேறு, இறங்கிய அளவு வேறு என்பதால் நேர்மாறான விளைவைத் தந்ததை நான் கண்ணாரப் பார்த்திருக்கிறேன். ‘எனக்கு எந்தப் பக்கத்துக்கு, எந்தத் திசையில், எத்தனை வாரம்?’ என்று தம் மருத்துவரிடம் கேட்டுப் பதில் பெறாமல் யாரும் எதையும் கட்டவோ அழுத்தவோ வேண்டாம்.

மற்ற கட்டுப்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரங்களில் தலைப்பக்கம் சற்று உயர்த்தி மல்லாந்து படுப்பது, கம்பி வைத்த பிராவைத் தவிர்ப்பது, கனமான பொருளைத் தூக்காமல் இருப்பது, புகைபிடிக்காமல் இருப்பது, மார்புத் தசைக்கு வேலை தரும் உடற்பயிற்சியைப் பொதுவாக ஆறு வாரமாவது தள்ளிப்போடுவது. கைக்குழந்தை உள்ளவர்களுக்கு இதில் பெரும் சிரமம் இருக்கிறது; குழந்தையைத் தூக்க இன்னொருவர் இல்லாத வீட்டில், அறுவைக்கு நாள் குறிப்பதற்கு முன்பே அதைப் பேச வேண்டும். அதற்காகக் கையை அசைக்காமலே விறைத்து வைத்திருப்பதும் தவறு, தோள் இறுகிவிடும். மருத்துவர் சொன்ன அளவுக்கு மெல்ல அசைக்கத்தான் வேண்டும்.

இரண்டு வகை மருத்துவமனை அனுபவங்களைக் கேட்டுக் கேட்டு என் மனம் நொந்திருக்கிறது. ஓரிடத்தில், வடு மேலே ஏறிவிட்டதை மாதக்கணக்காகக் காட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லாமல் “இன்னும் செட்டாகவில்லை, பொறுங்கள்” என்றே திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வேறோரிடத்தில், ஆறு வாரம்கூட ஆகாத பெண்ணிடம் “மேலே நிற்கிறது, திறந்து சரிசெய்துவிடலாம்” என்று மறு அறுவைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். ரத்தக்கட்டு, கிருமித்தொற்று, தையல் பிரிந்து இம்பிளாண்ட் வெளியே தெரிவது போன்ற அவசரங்களைத் தவிர்த்து, இடத்தைத் திருத்தும் மறு அறுவையைப் பெரும்பாலான நிபுணர்கள் ஆறு மாதத்துக்கு முன் செய்ய விரும்புவதில்லை. வீங்கி, மெலிந்து, இன்னும் உறுதிப்படாத திசுவில் போடும் தையல் நிற்காது. தானாகவே இறங்கியிருக்கக்கூடிய ஒன்றைத் திறந்து இறக்கினால், பிறகு அது அளவுக்கு மீறி இறங்கிவிடவும் கூடும். ஆனால் மறு அறுவை ஆறு மாதம் கழித்து என்பதால் பரிசோதனையும் ஆறு மாதம் கழித்துத்தான் என்று ஆகாது. கீழேயோ நடுவேயோ நகர்வதை முதல் வாரங்களிலேயே கண்டுபிடித்தால், சரியான இடத்தில் தாங்கும் கட்டும் உள்ளாடையும் கொடுத்து, உறை உருவாகி முடிவதற்குள் அதைத் தடுத்து நிறுத்த முயற்சியாவது செய்யலாம். பிந்திவிட்டால் உறையை உள்ளிருந்து தைத்துச் சுருக்கும் அறுவைதான் மிஞ்சும். ஐயம் தீராத பெண் வேறொரு பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரின் கருத்தைக் கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. அப்படிப் போகும்போது அறுவைக் குறிப்பின் நகலையும் முந்தைய படங்களையும் கையில் கொண்டு போக வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது அவருடைய உரிமை.

இம்பிளாண்டோடு தரப்படும் அட்டையையும் அப்படியே பத்திரப்படுத்த வேண்டும். தயாரித்த நிறுவனம், வரிசை எண், எத்தனை சிசி (கொள்ளளவு), எந்த வடிவம், எந்த மேற்பரப்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். இதன் அருமையை உலகம் பட்டுத்தான் அறிந்தது. முதல் சிலிகோன் ஜெல் இம்பிளாண்டை 1962-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தாமஸ் குரோனினும் ஃபிராங்க் ஜெரோவும் ஒரு பெண்ணுக்கு வைத்தார்கள். பாதுகாப்பு பற்றிய கேள்விகள் வலுத்து, 1992-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அழகுக்காக அவற்றை வைப்பதை நிறுத்திவைத்து, 2006-ல்தான் மீண்டும் அனுமதித்தது. 2010-ல் பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மருத்துவத் தரமற்ற சிலிகோனைப் பயன்படுத்தியது வெளிவந்தபோதும், 2019-ல் அலர்கன் நிறுவனத்தின் பயோசெல் என்ற சொரசொரப்பான வகை, மேலே சொன்ன நிணநீர்ப் புற்றுநோய் அபாயத்தால் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோதும், தம் உடலுக்குள் இருப்பது எது என்று தெரியாத பெண்கள் பட்ட அலைக்கழிப்பு சொல்லி முடியாது. 2021-ல் அதே அமெரிக்க நிர்வாகம், அபாயங்களை ஒவ்வொன்றாக எழுதிய பட்டியலை அறுவைக்கு முன் பெண்ணிடம் கொடுத்து, அவர் படித்துக் கையெழுத்திட வாய்ப்பளிக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இம்பிளாண்ட் ஆயுள் முழுவதற்குமான பொருள் இல்லை என்பதும் அதில் உண்டு. புண் ஆறும் மாதங்களில் எந்த வாரத்தில் எப்படி இருக்கும், எது நேர்ந்தால் உடனே வர வேண்டும் என்பதையும் அதே போல ஒரு தாளில் எழுதிக் கொடுப்பது எந்த மருத்துவமனைக்கும் பெரிய காரியமே இல்லை.

இந்தக் கவலையைப் பலர் அற்பமாக நினைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ‘தேவையில்லாமல் செய்துகொண்டாய், இப்போது அழுகிறாய்’ என்று வீட்டில் உள்ளவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். பிறவியிலேயே ஒரு பக்கம் வளராமல் போனவர், பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த பிறகு உருமாறிப்போனவர், தம் உடலைப் பற்றித் தாமே எடுத்த முடிவு என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல விரும்பாதவர் என எல்லாரும் அந்த அறைக்கு வந்தார்கள். காரணம் எதுவாயினும் அறுவை அறுவைதான். ஆறும் காலம் ஆறும் காலம்தான். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்த முதல் வாரங்களில் மனம் சோர்ந்து, செய்ததே தவறோ என்று அழுவது பலருக்கும் நேர்வது; பெரும்பாலும் வீக்கம் வடிய வடிய அதுவும் வடிந்துவிடும். ஒரு நாளைக்குப் பலமுறை கண்ணாடி முன் நிற்பவர்களுக்கு நான் சொல்லி வந்தது இதுதான்: இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும், ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில், கைகளைத் தளரத் தொங்கவிட்டு, நேராக ஒன்றும் இரு பக்கவாட்டிலிருந்து ஒவ்வொன்றுமாகப் படம் எடுங்கள், நேற்றையதோடு இன்றையதை ஒப்பிடாமல், போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடுங்கள். எந்தத் திசையில் நகர்கிறது என்பது அப்போதுதான் தெரியும். மருத்துவருக்கும் அந்தப் படங்கள் உண்மையிலேயே உதவும்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் ஒருவரைக் கொண்டு இந்த மாதங்களைப் பற்றி, தேவையான வரைபடங்களோடு, விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டுகிறேன். மருத்துவர்களிடம் நான் கேட்பது இன்னும் எளியது. அறுவைக்கு முன் எடுக்கும் அளவுகளையும் படங்களையும் பெண்ணோடு சேர்ந்து பாருங்கள். முதல் வாரம், ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், ஓராண்டு என மறுபரிசோதனைத் தேதிகளை டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் நிற்க வைத்து, படுக்க வைத்து, நாடாவால் அளந்து எழுதுங்கள். இடையில் ஐயம் வந்தால் அழைக்க ஓர் எண்ணையும், அதை எடுத்துப் பொறுமையாகப் பதில் சொல்ல ஒரு செவிலியரையும் வையுங்கள்; அழைக்கும் பெண்ணிடம் அந்தச் செவிலியர் முதலில் கேட்க வேண்டியது, மேலே நிற்கிறதா, கீழே இறங்குகிறதா, எத்தனையாவது வாரம் என்பதைத்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
ஓய்வுபெற்ற செவிலியர்